சைட் வேலை முடிந்தபின் பாதுகாப்புக் காகிதங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் சீக்கிரமே ஒரு வேலை விழும். முடிந்துபோன சைட்களின் ஃபைல்களை என்ன செய்வது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும், அந்த யாராவது நீங்கள்தான். என்னிடமும் அப்படித்தான் வந்தது: ஒரு கன்டெய்னர் நிறைய அட்டைப்பெட்டிகள், எதன் மேலும் தேதி கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு பதில். கணக்குப் பிரிவில் ஏழு வருடம் என்றார்கள், சீனியர் ஒருவர் மூன்று போதும் என்றார், வேலை கொடுத்த கம்பெனியோ எதையும் தூக்கிப்போடாதே என்றது. எந்த விதியை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் யாரிடமும் பதில் இல்லை. அப்புறம் விதிகளைத் தேடிப்பிடித்துப் படித்துத்தான் விஷயம் பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாக் காகிதத்துக்கும் ஒரே கணக்கு என்று ஒன்று கிடையாது. மூன்று மாதத்தில் கிழித்துப்போடக்கூடியதும் உண்டு, நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் பத்திரமாக இருக்க வேண்டியதும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே ஃபைலில் ஒரே பஞ்ச் ஓட்டையில் கோத்துக் கிடக்கும்.

1. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று பாருங்கள்

எல்லோரும் "எத்தனை வருடம்?" என்றுதான் கேட்கிறார்கள். "எப்போதிலிருந்து?" என்று கேட்பவர் குறைவு. சைட்டை ஒப்படைத்த தேதியை வைத்தே எல்லாவற்றையும் எண்ணினால் கணக்கு தப்பும். நாட்டுக்கு நாடு விதி வேறு என்றாலும், கடிகாரம் ஓடத் தொடங்கும் நாள் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

பதிவு எழுதிய நாள்: பிரிட்டனில் புகாரளிக்க வேண்டிய விபத்துகளின் பதிவை, ரிடார் 2013 விதிகளின்படி, பதிவு செய்த நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

வருடக் கடைசி: அமெரிக்காவின் ஓஷா (வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு) கேட்கும் 300 என்ற காயப் பதிவேட்டுக்கு, அந்தக் காலண்டர் வருடம் முடிந்தபின் 5 வருடம். 2020 பிப்ரவரியில் நடந்த காயத்தின் பதிவு 2025 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். காயம் பட்ட நாளிலிருந்து எண்ணியவர் பத்து மாதம் முன்னதாகவே அழித்துவிடுவார்.

கடைசியாக எழுதிய நாள்: பிரிட்டனின் கோஷ் ரசாயன விதிகளில், ஆரோக்கியக் கண்காணிப்பில் இருக்கும் தொழிலாளியின் பதிவு, அதில் கடைசியாக எழுதிய நாளிலிருந்து 40 வருடம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வரி சேர்கிறது, கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறது.

வேலையை விட்டு நின்ற நாள்: அமெரிக்காவில் தொழிலாளியின் மருத்துவப் பதிவு, அவர் வேலையில் இருக்கும் காலம் முழுவதும், அதற்குமேல் இன்னும் 30 வருடம். 2026-இல் சேர்ந்து இருபது வருடம் வேலை பார்ப்பவரின் ஃபைல் 2076 வரை கிடைக்க வேண்டும். ஒரு வருடத்துக்கும் குறைவாக வேலை பார்த்து நின்றவருக்கு மட்டும், போகும்போது அந்தப் பதிவைக் கையில் கொடுத்துவிட்டால், வைத்திருக்கும் கட்டாயம் இல்லை.

ஆளின் வயது: ஐரோப்பாவில் கதிர்வீச்சு வேலை பார்ப்பவர்களின் டோஸ் பதிவு, அவருக்கு 75 வயது ஆகும்வரை, எப்படியும் அந்த வேலை நின்று 30 வருடம் வரை. அதாவது பிறந்த தேதி இல்லாத ஃபைலை எப்போது அழிப்பது என்றே கணக்குப்போட முடியாது.

கருவி ஓய்வு பெறும் நாள்: கிரேன் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு.

உங்கள் நாட்டு விதியைப் படிக்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் "from", "after", "until" போன்ற பொருள் தரும் சொல் எது என்று தனியாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் சொல்வேன்: எதிலிருந்து, எதற்குப்பின், எதுவரை. அந்த ஒரு சொல்தான் பல வருட வித்தியாசத்தைத் தரும்.

2. ஃபைலைப் பிரித்துக் குவியலாக்குங்கள்

சைட் வாரியாக இருப்பதைக் காகித வகை வாரியாக மாற்ற வேண்டும். எரிச்சலான வேலை. ஆனால் இதைச் செய்யாவிட்டால், ஃபைலில் உள்ள ஒரே ஒரு நாற்பது வருடக் காகிதத்துக்காக முழு ஃபைலையும் நாற்பது வருடம் சுமக்க வேண்டிவரும்.

*வேலையோடு முடிபவை.* சாரம், தோண்டிய பள்ளம் ஆகியவற்றின் ஆய்வு அறிக்கைகள். பிரிட்டனில் கட்டுமான வேலை முடியும்வரை சைட்டிலும், பிறகு 3 மாதம் ஆபீசிலும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். அடைபட்ட தொட்டி, குழாய் போன்ற இடங்களுக்குள் இறங்கும் பெர்மிட்டை அமெரிக்காவில் ரத்து செய்த பிறகு குறைந்தது 1 வருடம் வைக்க வேண்டும். இவையெல்லாம் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். யாருக்காவது அடிபட்டிருந்தால் அந்த நாளின் சார அறிக்கையும் பெர்மிட்டும் இந்தக் குவியலிலிருந்து விபத்துக் குவியலுக்கு மாற வேண்டும்.

*வேலையைத் திட்டமிட்டவை.* ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு), மெத்தட் ஸ்டேட்மென்ட் (வேலையைச் செய்யும் முறை), இன்டக்ஷன் (புதியவருக்கான அறிமுக விளக்கம்) கையெழுத்து, டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் சிறு பாதுகாப்புக் கூட்டம்) வருகைப் பட்டியல். சிங்கப்பூரில் ரிஸ்க் அசெஸ்மென்ட் பதிவைக் குறைந்தது 3 வருடம் வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிரிட்டனில் இதற்கு வருடக் கணக்கு எதையும் சட்டம் சொல்லவில்லை, நடைமுறையில் வழக்குக் காலத்தை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். சட்டம் எண் சொல்லவில்லை என்பதற்கு அழிக்கலாம் என்று பொருள் எடுத்துக்கொண்டால் வம்பு.

*விபத்துக் காகிதங்கள்.* புகார்ப் படிவம், விசாரணை அறிக்கை, சாட்சி வாக்குமூலம், படங்கள், முதலுதவிப் பதிவு. நூலிழையில் தப்பிய சம்பவங்களின் அறிக்கையையும் இதிலேயே போடுங்கள்.

*கருவிக் காகிதங்கள்.* பிரிட்டனின் தூக்கும் கருவி விதிகளில் ஒரு அழகான பிரிவு உண்டு. கிரேன் போன்ற கருவியை முதன்முதலில் பயன்படுத்தும் முன் செய்த முழு ஆய்வின் அறிக்கையை, அதைப் பயன்படுத்துவதை நிறுத்தும்வரை வைக்க வேண்டும். ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் பட்டை), ஷேக்கிள் (இணைக்கும் வளையம்) போன்ற துணைச் சாமான்களுக்கு அந்த அறிக்கையை 2 வருடம் வைத்தால் போதும். ஆகவே இவை சைட் ஃபைலில் இருக்கவே கூடாது. கருவி அடுத்த சைட்டுக்குப் போகும்போது அதன் காகிதமும் கூடப் போக வேண்டும். வாடகைக் கருவி என்றால் நகல் மட்டும் உங்களிடம்.

*உடம்பைத் தொட்ட காகிதங்கள்.* இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், சிலிக்கா தூசு, கரைப்பான் ஆவி, சத்தம், கதிர்வீச்சு, இவற்றுக்கு யார் எவ்வளவு ஆட்பட்டார் என்பதற்கான அளவீடுகளும் மருத்துவப் பரிசோதனைகளும். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா புற்றுநோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். தொழிலாளி அந்தத் தூசை மூச்சில் இழுத்தபோது அந்த சைட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் ஒருவரும் அப்போது வேலையில் இருக்க மாட்டார்கள். காகிதம் ஒன்றுதான் சாட்சி. அதனால்தான் எண்கள் இப்படி நீள்கின்றன: பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் பதிவு 40 வருடம், அமெரிக்காவில் ஆட்பட்ட அளவுப் பதிவு 30 வருடம், மலேசியாவின் ரசாயன விதிகளிலும் அளவீட்டுக்கு 30 வருடம். இந்தியாவில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவுக்கு ஒரு காலம் வகுத்தது: வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை.

இந்தக் குவியலில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் ஒரு குறிப்பிட்ட ஆளின் சட்டைக் காலரில் மாட்டி எடுத்த தூசு அளவு 40 வருடம், அறையின் நடுவில் பொதுவாக வைத்து எடுத்த அளவு 5 வருடம். இரண்டும் ஒரே ஆய்வகத்திலிருந்து ஒரே மாதிரி தாளில்தான் வரும். மேலே ஆள் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, ரசாயனங்களின் பாதுகாப்புத் தகவல் தாள். அமெரிக்காவில் இதையும் 30 வருடம் வைக்க வேண்டும், ஆனால் ஒரு சலுகை உண்டு: எந்தப் பொருள், எங்கே, எப்போது பயன்பட்டது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால் தாளையே வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு தடித்த ஃபைல் இரண்டு பக்கமாகிவிடும்.

*கட்டிடத்தோடு போக வேண்டியவை.* எங்கே ஆஸ்பெஸ்டாஸ் விட்டுவைத்திருக்கிறது, எந்தச் சுவரை இடித்தால் மேலே உள்ளது சரியும், மின் கேபிள் எங்கே புதைந்திருக்கிறது போன்ற விவரங்கள். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு பாதுகாப்புக் கோப்பு உண்டு. வேலை முடிந்ததும் அது கட்டிட உரிமையாளரிடம் போய், கட்டிடம் இருக்கும்வரை இருக்கும். உங்களுக்குத் தேவை ஒரு நகலும், ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிய ரசீதும். ரசீதுதான் முக்கியம். பத்து வருடம் கழித்து "எங்களுக்குத் தரவே இல்லை" என்று கடிதம் வரும்.

3. மூன்று எண்களை எழுதி, பெரியதை எடுங்கள்

ஒவ்வொரு குவியலுக்கும் மூன்று எண்கள் வேண்டும். ஒன்று, சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். இரண்டு, ஒப்பந்தத்தில் வேலை கொடுத்தவர் போட்டிருக்கும் காலம். இது பெரும்பாலும் பின்னிணைப்பில், பாதுகாப்பு நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். மூன்று, வழக்குப் போடுவதற்கான காலவரம்பு.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் உடற்காய வழக்குக்கு 3 வருடம் என்பதைப் படித்துவிட்டு, மூன்று வருடமும் ஒரு நாளும் ஆனதும் அழித்துவிடலாம் என்று கிளம்புவார்கள். அந்த 3 வருடம், காயம் பட்ட நாளிலிருந்தோ, காயம் வேலையால் வந்தது என்று அந்த ஆளுக்குத் தெரியவந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து ஓடுகிறது. காது மந்தமானது இருபது வருடம் கழித்துத் தெரிந்தால் அன்றிலிருந்துதான். அடிபட்டவர் பதினேழு வயதுப் பயிற்சியாளர் என்றால் பதினெட்டு முடிந்த பிறகுதான் எண்ணவே தொடங்கும். வழக்கு, கடைசி நாளில் தாக்கலாகி, உங்கள் கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகலாம். ஆகவே வழக்குக் காலத்தோடு ஒரு வருடத்தைக் கூட்டிப்போடுங்கள். இது சட்டம் இல்லை, என் கருத்து.

தொழிலாளர் காயத்துக்கான இன்சூரன்ஸ் பாலிசியும் சான்றிதழும் என்று ஒரு தனி உறை போடுங்கள், அதை அழிக்கவே அழிக்காதீர்கள். பழைய வியாதிக்கு இன்று வழக்கு வந்தால், அந்த வருடம் யார் காப்பீடு செய்திருந்தார் என்பதுதான் முதல் கேள்வி. பிரிட்டனில் இந்தச் சான்றிதழை 40 வருடம் வைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2008-இல் எடுத்துவிட்டார்கள், தேவை போய்விடவில்லை. ஒரு உறை எவ்வளவு இடத்தை அடைத்துவிடப்போகிறது?

4. சைட்டைக் காலி செய்யும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்

வைத்திருக்கும் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் பாதிக் காகிதம் ஆபீசுக்கே வந்து சேருவதில்லை. கேபினைத் தூக்கும் நாளில் அலமாரியைக் குப்பை வண்டியில் கவிழ்த்துவிடுவார்கள். சப்-கான்ட்ராக்டரின் ஃபோர்மேன் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அவர் போனில் இருந்த படங்களும் அவரோடு போயிருக்கும்.

வேலை முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். சப்-கான்ட்ராக்டரின் கடைசி பில்லுக்கும் காகிதங்களை ஒப்படைப்பதற்கும் முடிச்சுப்போடுங்கள்: வருகைப் பட்டியல், பெர்மிட், ஆய்வு அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் வந்தால்தான் கையெழுத்து. பணம் போன பிறகு கேட்டால் "அனுப்புகிறேன் சார்" என்ற பதில் வரும், காகிதம் வராது. இந்த நிபந்தனையை வேலை தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

மருத்துவப் பரிசோதனை யார் செலவில், யார் பொறுப்பில் என்பதையும் இப்போதே கேளுங்கள். சப்-கான்ட்ராக்டரின் ஆட்களுடைய பதிவை வைத்திருக்கும் கடமை பொதுவாக அவர்களின் முதலாளிக்குத்தான். அது உங்களிடம் இருக்க வேண்டியதில்லை, யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

பெர்மிட்டும் ஆய்வும் ஆப்பில் நடந்த சைட் என்றால் இன்னும் அவசரம். சந்தா முடிந்ததும் லாகின் மூடிவிடும், அதன்பின் தரவை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்பது அவர்கள் விருப்பம். வேலை முடியும் வாரத்தில் எல்லாவற்றையும் பி.டி.எஃப் ஆக இறக்குங்கள். இறக்கியதும் ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள். பல ஆப்கள் படிவத்தைத் தரும், அதோடு இணைத்த படத்துக்குப் பதில் ஒரு இணைப்பை மட்டும் தரும். சந்தா முடிந்தால் அந்த இணைப்பும் செத்துவிடும்.

5. பழைய பதிப்பைத் தூக்கிப்போடாதீர்கள்

ரிஸ்க் அசெஸ்மென்ட் நான்கு முறை திருத்தப்பட்டிருந்தால் நான்கையும் வைத்திருங்கள். விபத்து நடந்த அன்று எந்தப் பதிப்பு நடைமுறையில் இருந்தது என்றுதான் கேட்பார்கள். கடைசிப் பதிப்பை மட்டும் காட்டினால், விபத்துக்குப் பிறகு எழுதியது என்ற சந்தேகம் வரும், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அதே பதிப்பை ஆட்களுக்கு விளக்கியதற்கான கையெழுத்துத் தாளும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

6. ஸ்கேன் செய்வது எப்படி

முதலில் எதை ஸ்கேன் செய்வது என்ற வரிசை. சீக்கிரம் அழியக்கூடியதிலிருந்து தொடங்குங்கள்.

கேஸ் டிடெக்டரிலிருந்து வரும் சின்னச் சீட்டைப் பாருங்கள். தொட்டிக்குள் இறங்கும் முன் ஆக்சிஜன் எவ்வளவு, எரிவாயு எவ்வளவு என்று அச்சாகி வருமே, அது தெர்மல் காகிதம். சூட்டில் கறுக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும். பத்திரம் என்று நினைத்து அதை பி.வி.சி உறையில் போடுவார்கள், உறையில் உள்ள ரசாயனமே எழுத்தைத் தின்றுவிடும். சில வருடம் கழித்து எடுத்தால் ஓரத்தில் ஸ்டேப்ளர் துரு மட்டும் இருக்கும், நடுவில் மஞ்சள் வெற்றுத்தாள். ஆகவே அந்தச் சீட்டை வந்த அன்றே படம் எடுத்து, அளவுகளைப் பெர்மிட்டில் பேனாவால் எழுதி, கருவியின் எண்ணையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். கருவி எண் இருந்தால்தான் அந்த நாளில் அது சரியாக அளந்தது என்பதற்கான அளவுத்திருத்தச் சான்றிதழோடு பொருத்த முடியும்.

அடுத்தது மூன்று பிரதிப் பெர்மிட் புத்தகத்தின் கடைசித் தாள். அழுத்தி எழுதாத ஆள் எழுதியிருந்தால் முதல் நாளே பாதி தெரியாது. பிறகு பென்சிலில் எழுதியவை, மழையில் நனைந்தவை. கணினியில் தட்டச்சு செய்து அச்சடித்தவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம்.

ஸ்கேன் செய்யும்போது 300 டி.பி.ஐ. வைத்தால் கையெழுத்து தெளிவாக வரும். முடிந்தால் கலரில் எடுங்கள். சிவப்பில் போட்ட முத்திரையும் நீலத்தில் போட்ட கையெழுத்தும் கறுப்பு வெள்ளையில் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்ளும். தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள், பெர்மிட்டை மூடிய கையெழுத்து பல படிவங்களில் பின்னால்தான் இருக்கும். முப்பது நாற்பது வருடம் இருக்க வேண்டியவற்றுக்கு, நீண்டகாலச் சேமிப்புக்கென்றே உருவாக்கிய பி.டி.எஃப்-ஏ வடிவம் உண்டு, அதில் சேமியுங்கள். ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் மட்டும் திறக்கும் எதிலும் வைக்காதீர்கள்.

ஸ்கேன் முடிந்ததும் மூலக் காகிதத்தை அழிக்கலாமா? பெரும்பாலான பாதுகாப்புப் பதிவுகளைக் கணினியில் வைப்பதை விதிகள் ஏற்கின்றன, கேட்டதும் படிக்கும் நிலையில் எடுத்துத்தர முடிந்தால் போதும். இருந்தாலும் விபத்துக் குவியலில் கையெழுத்திட்ட வாக்குமூலங்களின் மூலத்தை நான் அழிப்பதில்லை. கையெழுத்து என்னுடையதே இல்லை என்று ஒருவர் சொன்னால், நிபுணர் மூலத்தைத்தான் கேட்பார்.

7. பெட்டியின் மேல் அழிக்கும் தேதியை எழுதுங்கள்

"பழைய ஃபைல், பிளாக் பி" என்று எழுதிய பெட்டி யாருக்கும் உதவாது. வெளியே நான்கு விவரம் போதும்: சைட் பெயர், காகித வகை, முதல் தேதியும் கடைசித் தேதியும், எந்த விதிப்படி எப்போது அழிக்கலாம். அதையே ஒரு எக்செல் பதிவேட்டில் வரிசையாக வையுங்கள். உடம்பைத் தொட்ட காகிதங்களுக்கு மட்டும் ஆள் பெயரால் தேடும் வசதி வேண்டும். நாற்பது வருடம் கழித்து வருபவருக்கு சைட்டின் பெயர் நினைவிருக்காது, தன் பெயர்தான் தெரியும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். பிறந்த தேதியையும் அரசாங்க அடையாள எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். கடவுச்சீட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், புதுப்பிக்கும்போது அது மாறிவிடும்.

8. செலவு எங்கே ஏறும்

வெளியே பெட்டி வாடகைக்கு வைக்கும் நிறுவனங்களின் மாத வாடகை பார்க்கச் சிறியதாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது மற்ற வரிகளை: பெட்டியை எடுத்துத்தரக் கட்டணம், திரும்ப வைக்கக் கட்டணம், அவசரமாகக் கேட்டால் கூடுதல், அழிக்கக் கட்டணம், நிறுவனத்தை மாற்றினால் நிரந்தரமாக வெளியே எடுக்கக் கட்டணம். கடைசியாகச் சொன்னதுதான் பலரைக் கட்டிப்போடுகிறது. மாத வாடகையை 480-ஆல் பெருக்கிப் பாருங்கள், 40 வருடத்தின் கணக்கு வரும். அதைப் பார்த்த பிறகு குவியல் பிரிக்கும் கூலி உறுத்தாது.

ஸ்கேனுக்குப் பக்கக் கணக்கில் கேட்பார்கள். ஸ்டேப்ளர் பின் பிடுங்குவதும் மடிப்பை நீவுவதும் அதில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள், பழைய சைட் ஃபைலில் நேரம் போவது அதற்குத்தான். சொந்த இடத்திலேயே வைப்பதென்றால் தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் விதிமுறை படிப்பதில்லை.

9. அழிப்பதற்கும் ஒரு முறை உண்டு

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்வதும் தப்புதான். மருத்துவ விவரமும் அடையாள எண்ணும் உள்ள தாளைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். முதல் பல நாட்டுத் தனியுரிமைச் சட்டங்கள் சொல்கின்றன. காலம் முடிந்ததை அழிக்க வேண்டும், அதையும் ஒழுங்காக.

வருடத்துக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், பதிவேட்டைத் திறந்து காலாவதியான வரிகளை எடுங்கள். அழிக்கும் முன் மூன்று பேரிடம் கேளுங்கள்: சட்டப் பிரிவு, இன்சூரன்ஸ் பார்ப்பவர், அந்த சைட்டின் பழைய மேனேஜர். வழக்கோ, விசாரணையோ, வரப்போகிறது என்ற பேச்சோ இருந்தால் அந்தப் பெட்டியில் "நிறுத்திவை" என்று சிவப்பில் ஒட்டுங்கள். அதன்பின் தேதி எதுவாக இருந்தாலும் தொடக்கூடாது. வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால், விதிப்படியே அழித்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அழித்ததும் என்ன, எப்போது, யார் அனுமதியோடு, எந்த விதிப்படி அழித்தோம் என்று ஒரு தாள் எழுதுங்கள். வெளி நிறுவனம் அழித்தால் சான்றிதழ் வாங்குங்கள். அந்தத் தாளை மட்டும் அழிக்காமல் வையுங்கள். ஸ்கேன் நகல், கிளவுட் நகல், யாரோ ஒருவரின் லேப்டாப்பில் உள்ள நகல் எல்லாம் சேர்ந்துதான் அழிய வேண்டும். காகிதம் போய் பி.டி.எஃப் மிச்சமிருந்தால் அது அழித்த கணக்கில் வராது.

10. கம்பெனி கை மாறினாலோ மூடினாலோ

சைட் முடிவது போலவே கம்பெனிகளும் முடிந்துபோகும், முப்பது வருடப் பதிவுகளின் கடமை அதோடு தீராது. கம்பெனியை வாங்குபவர் இருந்தால் பதிவுகளும் அவரிடம் போக வேண்டும். விற்பனைப் பட்டியலில் மேசை நாற்காலி இருக்கும், இது விட்டுப்போகும், ஆகவே நீங்களே கேட்டுச் சேர்க்க வையுங்கள். வாங்குபவர் இல்லாமல் மூடினால், அமெரிக்காவில் குறைந்தது 3 மாதம் முன்பே, பதிவைப் பார்க்கும் உரிமை உண்டு என்று தொழிலாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஆஸ்பெஸ்டாஸ், புற்றுநோய்க்காரணிப் பதிவுகளை அதற்கான அரசாங்க அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் நாட்டில் எந்த அலுவலகம் என்று இப்போதே கேட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூடும் வாரத்தில் அதைத் தேட யாருக்கும் பொழுது இருக்காது, பெரும்பாலும் உங்களையே அதற்கு முன்பு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.